நாலாவது ஆள் கேட்ட நீலக்கல்

அத்தியாயம் ஐந்து

"மோதிரத்தை யாராவது வேக வைப்பாங்களா சார்?"

கேட்டவன் குண்டூசி. நாற்பதைத் தாண்டியும் உடம்பு ஒல்லி, வாய் மட்டும் கூர்மை. அந்தப் பெயருக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. துப்பறியும் அலுவலகத்தில் அவன் உதவியாளன். பாதி நேரம் யாருக்கு உதவுகிறான் என்பது அவனுக்கே தெரியாது.

எதிரே உட்கார்ந்திருந்த குடைக்கடைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேக வைக்கல தம்பி. சுத்தம் பண்ணினேன். கொதிக்கற தண்ணி, சோப்புத் தூள், கொஞ்சம் சோடா உப்பு. அவ்வளவுதான்."

"அடுப்புல வெச்சு, கொதிக்க விட்டு, உப்பும் போட்டிருக்கீங்க. மூடி போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்ப சமையலேதான்."

மேசைக்குப் பின்னால் இருந்த மேடம் பேனாவால் மேசையைத் தட்டினார். குண்டூசி வாயை மூடினான். அந்த வட்டாரத்தில் மேடத்துக்கு எதிர்க்கேள்வி என்று பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈடு கேட்டு வருபவர்களைக் கேள்வி கேட்டே களைப்படைய வைத்தவர். அங்கிருந்து வெளியே வந்து சொந்தமாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் பழக்கம் போகவில்லை.

"கல் என்ன ஆச்சு?" என்றார்.

"சாயம் போயிடுச்சு மேடம். தண்ணியெல்லாம் நீலம். எடுத்துப் பாத்தா கல் ரெண்டு சில்லாப் பிரிஞ்சு வருது, கிரீம் பிஸ்கட் மாதிரி. நான் என்னத்தைக் கண்டேன்? அம்மா வர்றாங்களே, பளபளன்னு இருக்கட்டுமேன்னு பண்ணினேன்."

மேடத்தின் பேனா ஒரு கணம் நின்றது. ஏதோ கேட்கப் போவதுபோல் வாய் திறந்தார். பிறகு கேள்வியை மாற்றினார்.

"மோதிரம் யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது. கல்யாணத்தப்ப என் அம்மா ஆர்டர் குடுத்து, பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, செய்ய வெச்ச மோதிரம். மூணு காரட் நீலக்கல். உள்ளே ஓரமா ஒரு வெள்ளை இழை ஓடும். அம்மா எப்ப வந்தாலும் பையைக் கீழே வைக்கறதுக்கு முன்னாடி மோதிரத்தைக் கழட்டச் சொல்லுவாங்க. ஒரு கையில சர்டிபிகேட், ஒரு கையில லென்ஸ். இழை இருக்கான்னு பாப்பாங்க. இருந்தா ஒரு 'ம்'. அப்புறம்தான் செருப்பையே கழட்டுவாங்க."

"இல்லாட்டி?"

குடைக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்கு ஏழு மணி பஸ்ஸுல வர்றாங்க மேடம். இழையைக் காணோம்னா என்னைக் கேக்கமாட்டாங்க. அவளைத்தான் பிடிப்பாங்க. 'கல்லை வித்துத் தின்னுட்டியா'ம்பாங்க. பாவம், அவ ஒரு பாவமும் அறியாதவ. வேக வெச்சது நான். பழி அவ தலையில விழுந்துச்சுன்னா நான் மனுஷனே இல்ல."

"அவங்களுக்கு விஷயம் தெரியுமா?"

"பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன். அதைக் கேட்டதுலருந்து அவளுக்குச் சாப்பாடே இறங்கல. எந்தக் கடை, எந்தக் கடைன்னு துளைக்கறா. அந்த மோதிரத்து மேல அவ்வளவு உசுரு."

"ம். எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?"

அதற்குப் பிறகுதான் ஆள் விஷயத்துக்கு வந்தார். அதே எடை, அதே அளவு, அதே இழையோடு ஒரு கல் இருந்தால் மோதிரத்தில் பதித்துவிடலாம் என்று தேடினாராம். நகைக்கடைத் தெருவில் கிடைத்தும்விட்டதாம். விலை பேசும்போதுதான் வினை. வேறு யாரோ அதே கல்லைக் கேட்கிறார்கள். இவர் ஏற்றினால் அந்த ஆளும் ஏற்றுகிறான். கடைக்காரரோ, "சார், பார்ட்டி நிக்குது, சீக்கிரம் சொல்லுங்க" என்று நெருக்குகிறார். நாலே நாளில் விலை ஒன்றரை மடங்கு.

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள முடிவு சொல்லணுமாம். யாரு மேடம் அந்தப் படுபாவி? கண்டுபிடிச்சுக் குடுங்க. காலைப் பிடிச்சாவது விலகச் சொல்றேன்."

"சர்டிபிகேட் இருக்கா?"

"நகல்தான். அசல் பீரோவுல. சாவி அவகிட்ட." மடித்த தாளை நீட்டினார்.

மேடம் வாங்கிப் பார்த்தார். சம்பந்தமே இல்லாமல், "கடை எப்படிப் போகுது?" என்றார்.

குடைக்கடைக்காரர் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம். "போன வருஷம் சொட்டு மழை கிடையாது மேடம். கடையைப் பூட்டிட்டு வீட்டோட உக்காந்துட்டேன். திடீர்னு ஒரு பெரிய கம்பெனி. ஒரே ஆர்டர், நானூறு குடை! மஞ்சள் கைப்பிடி வெச்சுத் தனியாச் செஞ்சு குடுத்தேன். வேற யாருக்கும் அந்தக் கைப்பிடி போட்டதில்ல. அதுலதான் எழுந்து நின்னேன். எல்லாம் தரத்துக்குக் கிடைச்ச மரியாதை."

"எந்தக் கம்பெனி?"

"அதுதான் சரியாத் தெரியல. ஆள் வந்தான், முழுசாப் பணம் கட்டினான், வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டான்."

"மழை இல்லாத வருஷத்துல நானூறு குடை" என்றான் குண்டூசி. "தொலைநோக்குப் பார்வை உள்ள கம்பெனி."

*

நகைக்கடைத் தெருவில் வெயில் தார் உருக்கிக்கொண்டிருந்தது. குடைக்கடைக்காரர் சொன்ன முதல் கடைக்குள் மேடம் அக்காவாகவும் குண்டூசி தம்பியாகவும் நுழைந்தார்கள்.

"தம்பிக்கு ஒரு மோதிரம் ஆர்டர் குடுக்கணும்."

கடைக்காரர் குண்டூசியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எங்கே மோதிரம் மாட்டுவது என்று யோசிப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு அளவு பார்க்கும் வளையக் கொத்தை எடுத்து நீட்டினார். குண்டூசி கண்ணில் பட்ட முதல் வளையத்துக்குள் விரலை அழுத்தினான்.

"கல் நீலம். மூணு காரட்" என்றார் மேடம். "விலை எப்படி?"

"மூணுக்கு ஒரு பொட்டு கீழேன்னா ஒரு விலை. ஒரு பொட்டு மேலேன்னா வேற விலைம்மா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா மூணைத் தாண்டிட்டா கல்லுக்கு ஒரு அந்தஸ்து வந்துடும்."

"டிகிரி முடிச்ச மாப்பிள்ளை மாதிரி" என்றான் குண்டூசி.

"அதேதான். சர்டிபிகேட் இருந்தா இன்னும் ஏறும். கல் அசலா, எடை என்ன, சூடு காட்டி நிறம் ஏத்தினதா, எல்லாம் லேப்புல எழுதிக் குடுத்துடுவாங்க. விலை ஒண்ணுதான் எழுதமாட்டாங்க."

"ஏன்?"

"அதையும் அவங்களே எழுதிட்டா நான் எதுக்கும்மா இங்க குளுகுளுன்னு உக்காந்திருக்கேன்?"

நியாயமான பதில். மேடம் தலையசைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் கல்லுக்குள்ள ஒரு வெள்ளை இழை வேணும். ஓரமா."

கடைக்காரர் கை அப்படியே நின்றது. "இழை இல்லாம குடுன்னுதான் உலகத்துல எல்லாரும் கேப்பாங்க. இந்த வாரம் இழையோட கேக்கற ரெண்டாவது ஆள் நீங்க. முதல் ஆள் ஒரு கப்பல் கேப்டன்."

"கேப்டனா?"

"பெரிய மனுஷர். கப்பலைத் துறைமுகத்துல நிறுத்திட்டு வந்திருக்காராம். நல்ல மனசு. விலை படியலேன்னாலும் ஒரு குடை குடுத்துட்டுப் போனார், பாருங்க."

கதவோரம் ஒரு குடை சாய்ந்திருந்தது. கட்டம் போட்ட துணி, பழுப்புக் கைப்பிடி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

"கப்பல்ல குடை எதுக்கு?" என்று முணுமுணுத்த குண்டூசி, "மேடம்... அக்கா... இது வரமாட்டேங்குது" என்றான். வளையம் விரலில் இறுகிவிட்டிருந்தது. கடைக்காரர் இழுத்தார். கடைப்பையன் இழுத்தான். குண்டூசிதான் முன்னால் வந்தானே தவிர வளையம் வரவில்லை. கடைசியில், கொத்தைச் சாயங்காலம் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, மாட்டுக் கழுத்து மணிபோல் கிலுகிலுவென்று வெளியே வந்தான்.

மேடம் அடுத்த கடையில் ஏறினார். அங்கே இழையோடு கல் கேட்டவர் ஒரு கண் டாக்டர். கதவோரம் கட்டம் போட்ட குடை. எதிர்வரிசைக் கடையில் ஒரு பெரிய பண்ணைக்காரர், இரண்டாயிரம் கோழி. கதவோரம் கட்டம் போட்ட குடை. மூன்று கடைகளிலும் கல் கிடையாது. மூன்று கடைக்காரர்களும் தெருக்கோடியில் மாடியில் இருக்கும் ஒரே மொத்த வியாபாரியிடம்தான் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது கடைக்காரர் அந்தக் கல்லின் சர்டிபிகேட்டைப் போனில் காட்டினார். மேடம் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

தெருவில் இறங்கியதும் குண்டூசி வெடித்தான். "நம்ம குடைக்கடைக்காரரு! ஒரே ஆளு! மூணு வேஷம்! கேப்டனும் அவரு, டாக்டரும் அவரு, கோழியும் அவரு!"

"கோழி அவர் இல்ல. பண்ணைதான்."

"தன்னோட தானே போட்டி போட்டு விலையை ஏத்தியிருக்காரு. கேஸ் முடிஞ்சுது மேடம்!"

மேடம் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். நடைபாதை நிழலில் நின்று, குடைக்கடைக்காரர் கொடுத்த பழைய சர்டிபிகேட் நகலையும் போனில் வந்த புதிய சர்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வேறு லேப். வேறு வேறு தேதி.

"குண்டூசி, உனக்கு இரட்டைப் பிறவி யாராவது உண்டா?"

"ஒருத்தனைப் பெத்ததுக்கே அம்மா இன்னும் அழுதுக்கிட்டிருக்காங்க."

"இருந்திருந்தா, உன் கன்னத்துல இருக்கற மச்சம் அவனுக்கும் அதே இடத்துல இருக்குமா?"

"அது எப்படி இருக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அவரை மாடிக்கு வரச் சொல்லு."

*

மாடிக்காரரின் அறை சின்னது. வடக்குப் பார்த்த ஜன்னல், அதன் கீழே வெள்ளைத் துணி விரித்த மேசை, ஒரு தராசு. பக்கத்து அறையில் கல் பதிக்கிறவர் குனிந்து அரத்தால் ஏதோ ராவிக்கொண்டிருந்தார். மாடிக்காரர் கழுத்தில் லென்ஸ் தொங்கியது. பேசும்போதெல்லாம் அதை எடுத்துப் பேசுகிறவர் மூக்குக்கு நேரே பிடிப்பது அவர் வழக்கம்.

"நாலு பார்ட்டி" என்றார், விரலை மடக்கியபடி. "கேப்டன், டாக்டர், பண்ணைக்காரர், அப்புறம் ஒரு அம்மா. இப்ப நீங்க அஞ்சாவது. நாலு மணிக்கு யார் அதிகம் சொல்றாங்களோ அவங்களுக்குக் கல். இப்படி ஒரு கிராக்கியை நான் பாத்ததே இல்ல."

குடைக்கடைக்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"வாங்க, நீங்க யாரு?" என்றார் மாடிக்காரர்.

"கேப்டன்" என்றார் மேடம்.

"அடடே! உக்காருங்க கேப்டன். டாக்டரும் வந்துட்டா ஆரம்பிச்சுடலாம்."

"டாக்டரும் வந்துட்டார்."

"எங்கே?"

"அதே சட்டைக்குள்ள. பண்ணைக்காரரும் உள்ளேதான் இருக்கார். கொஞ்சம் நெருக்கமா உக்காந்திருக்காங்க."

குடைக்கடைக்காரர் தலை குனிந்தார். மாடிக்காரர் லென்ஸை எடுத்து அவரைப் பார்த்தார். மூன்று பேரும் தெரிகிறார்களா என்று சோதிப்பதுபோல் இருந்தது.

"ஒரே ஆளா மூணு இடத்துல விலை கேட்டா மதிக்கமாட்டாங்கன்னு சொல்லுவாங்க" என்றார் குடைக்கடைக்காரர். "ஆளுக்கு ஏத்த விலைதான் சொல்றாங்களே, அதனால ஆளை மாத்திப் பாத்தேன்."

"கேப்டனா ஏத்தி டாக்டரை மிரட்டியிருக்கீங்க, டாக்டரா ஏத்திப் பண்ணைக்காரரை அழ வெச்சிருக்கீங்க" என்றான் குண்டூசி, கிலுகிலுவென்று கையை ஆட்டி. "யார் ஜெயிச்சாலும் பர்ஸ் உங்களோடதுதான் சார்."

"அப்ப... எதிராளியே கிடையாதா?" குடைக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "கல் எனக்குத்தானா? அம்மா ஏழு மணிக்கு வரட்டும், பத்து லென்ஸ் வெச்சுப் பாக்கட்டும்!"

மாடிக்காரர் இருமினார். நாலு பேர் ஒரே நிமிடத்தில் இரண்டு பேராகச் சுருங்கிவிட்ட வியாபாரியின் இருமல் அது. "அந்த அம்மா இருக்காங்க. அவங்க நிஜம். நேர்ல வந்தாங்க. நேத்து உங்க மூணு பேரையும் தாண்டி ஒரு விலை சொல்லிட்டுப் போயிருக்காங்க."

குடைக்கடைக்காரர் மெதுவாக உட்கார்ந்தார்.

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அந்த அம்மா சர்டிபிகேட்டைப் பாத்தாங்களா?"

"அதுதான் வேடிக்கை. எடுத்து நீட்டினேன். வேணாம்னுட்டாங்க. 'சர்டிபிகேட் எங்கிட்டயே இருக்கு, கல் மட்டும் குடுங்க'ன்னாங்க. என்னமோ தெரியாத்தனமாச் சொல்றாங்கன்னு விட்டுட்டேன்."

"இன்னும் வாங்காத கல்லுக்கு ஒருத்தர் வீட்டுல சர்டிபிகேட் எப்படி இருக்கும்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மேடம் அடுத்த கேள்விக்குப் போனார்.

"இந்தக் கல் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"போன வருஷம் வாங்கினேன். கொண்டு வந்தவங்ககிட்ட சர்டிபிகேட் இல்ல. இழை வேற. அதனால அடிமட்ட விலைக்குத்தான் எடுத்தேன். அப்புறம் நானே லேப்புக்கு அனுப்பி சர்டிபிகேட் வாங்கினேன்."

"வாங்கும்போது இழையை என்னன்னு சொன்னீங்க?"

"குறைன்னு."

"இப்ப?"

"அடையாளம்னு." மாடிக்காரர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. தொழில் தர்மம்.

மேடம் நகலையும் போனையும் வெள்ளைத் துணிமேல் வைத்தார். "எடை ஒண்ணு. நீள அகலம் ஒண்ணு. அதுகூட வெட்டறவன் சாமர்த்தியம்னு வெச்சுக்கலாம். ஆனா கல்லுக்குள்ள ஓடற இழை கைரேகை மாதிரி. ரெண்டு கல்லுக்கு ஒரே மூலையில ஒரே வளைவுல வருமா? இது ரெண்டு கல்லுக்கான சர்டிபிகேட் இல்ல. ஒரே கல் ரெண்டு தடவை போட்டோ எடுத்துக்கிட்டிருக்கு." குடைக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க அதே மாதிரி கல்லைத் தேடலை. உங்க மோதிரத்துல இருந்த அதே கல்லைத்தான் விலை பேசிக்கிட்டிருக்கீங்க."

"அப்ப நான் வேக வெச்சது?"

"நீலக்கல் எந்த ஊர்ல சார் சாயம் போகும்? ரெண்டு கண்ணாடிச் சில்லு, நடுவுல நீலப் பசை."

"கண்ணாடியா!" குடைக்கடைக்காரர் முகத்தில் பெரிய நிம்மதி பரவியது. "அப்ப நான் எதையும் கெடுக்கல!" நிம்மதி பாதி வழியில் திரும்பிக் கோபமாக மாறியது. "அப்ப எவனோ கல்லைத் திருடி, கண்ணாடியை வெச்சு, இங்க கொண்டு வந்து வித்திருக்கான்! யாருங்க அது? இப்பவே தெரிஞ்சாகணும். என் வீட்டுக்காரி கல்லுல கை வெச்சவனை..."

 அவர் கண் மாடிக்காரர் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு கட்டுக் குடை. கயிறு போட்டுக் கட்டியிருந்தது. எல்லாம் மஞ்சள் கைப்பிடி.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"இதுவா? அந்த அம்மா குடுத்தாங்க. ஒரு டஜன். வேணாம்னு சொன்னாலும் விடலை. இன்னும் வேணும்னா தர்றேன்னாங்க."

"இது... இந்தக் கைப்பிடி... அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான்..."

கதவு திறந்தது.

உள்ளே வந்த பெண்மணி ஒரு கையில் கைப்பையையும் மறு கையில் பிளாஸ்டிக் உறை போட்ட சர்டிபிகேட்டையும் பிடித்திருந்தார். அறைக்குள் இரண்டடி வைத்தார். மூன்றாவது அடி வரவில்லை.

"என்னங்க, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"நீ இங்க என்ன பண்றே?"

"கம்பெனி முதலாளி வந்துட்டாங்க" என்றான் குண்டூசி மெதுவாக.

*

யாரும் கேட்காமலே அந்தம்மா எல்லாவற்றையும் கொட்டினார். சில பேருக்குக் குற்றம் கனமாக இருக்காது, அதை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினையாக இருக்கும்.

"கடையைப் பூட்டிட்டு வந்து சுவரைப் பாத்து உக்காந்துட்டீங்க. பேச்சே இல்ல. விரல்ல கல் மின்னிக்கிட்டு இருக்கு, எதிர்ல நீங்க மங்கிக்கிட்டு இருக்கீங்க. எனக்குத் தாங்கலைங்க. வித்துட்டு, அந்த இடத்துல கண்ணாடியைப் பதிச்சேன். பணத்தைக் குடுத்து, தங்கச்சி புருஷனோட கூட வேலை பாக்கறவரை அனுப்பி, கம்பெனின்னு சொல்லச் சொன்னேன்."

"நானூறு குடையும்?"

"தங்கச்சி வீட்டுல. கட்டிலுக்கடியில, மாடிப்படிக்கடியில, பாத்ரூம்ல. அவ புருஷன் பல் தேய்க்கப் போனாக்கூடக் குடையை நகர்த்திட்டுத்தான் போறாரு. போன வாரம் அவரே சொல்லிட்டாரு, குடையா நானான்னு முடிவு பண்ணுன்னு. அதான் பாக்கறவங்களுக்கெல்லாம் டஜன் டஜனாக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

குடைக்கடைக்காரர் ஒரு மஞ்சள் கைப்பிடியைத் தடவினார். "தரத்துக்காக வந்த ஆர்டர்னு நினைச்சேன்."

"தரம் நல்லாத்தாங்க இருக்கு. ஒரு குடையில கூட கம்பி வளையல."

"நீ விரிச்சே பாக்கலியே."

"விரிக்காததாலதான் வளையல" என்றார் அந்தம்மா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குடைக்கடைக்காரர் சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் எழுப்பினார். பிறகு சட்டைப் பையிலிருந்து கல் இல்லாத மோதிரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "நானும் ஒண்ணு சொல்லணும். பாலிஷ் கடைக்கெல்லாம் குடுக்கல. நான் வேக வெச்சுட்டேன்."

"என்னது? பாவி மனுஷா! எந்தப் பாலிஷ்காரன் கண்ணாடின்னு கண்டுபிடிச்சு உங்ககிட்ட சொல்லிடுவானோன்னு நாலு நாளா தெருத்தெருவா ஏறி இறங்கறேன்! உங்கம்மா வந்தா லென்ஸுக்கு என்ன பதில் சொல்றதுன்னு, வளையலை அடகு வெச்சு நேத்து விலையை ஏத்திட்டுப் போயிருக்கேன்! இங்க என்னடான்னா மூணு பெரிய மனுஷங்க போட்டிக்கு நிக்கறாங்களாம்..."

"அந்த மூணு பேரும் நான்தான்."

அந்தம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "கேப்டனா? நீங்களா? படகுல ஏறினாலே வாந்தி எடுப்பீங்களே!"

மாடிக்காரர் தொண்டையைச் செருமினார். சுவர்க் கடிகாரம் நாலைக் காட்டியது. "குடும்ப விஷயம் நல்லபடியா முடிஞ்சதுல சந்தோஷம். இப்ப கல். கடைசியாச் சொன்ன விலை அம்மாவோடது. அதையே வெச்சுக்கலாமா?"

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அந்தத் திரும்பலைப் பார்த்ததும் மேடம் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் நகர்த்திக்கொண்டார். அடி விழும் இடத்தில் நிற்கக்கூடாது என்பது அனுபவம்.

"எந்த விலை?" என்றார் அந்தம்மா. "நாலு பேர் கேட்ட விலையா? நாலு பேர் எங்கே?"

"இழை உள்ள கல்" என்றார் குடைக்கடைக்காரர். "ஒரு வருஷமா யாரும் சீந்தலியே? எங்களைத் தவிர இதை எவன் வாங்குவான்?"

"சர்டிபிகேட் இருக்கே!" என்றார் மாடிக்காரர்.

"அதை நீங்களே வெச்சுக்கோங்க. எங்ககிட்ட ஒண்ணு இருக்கு. ஒரு கல்லுக்கு எதுக்கு ரெண்டு?"

"லேப்புக்குக் கட்டின பணம்?"

"குறையுள்ள கல்லுக்குப் போய் யாராவது செலவு பண்ணுவாங்களா?"

பிறகு நடந்ததை விவரிப்பது கஷ்டம். குடைக்கடைக்காரர் "வா போலாம்" என்று எழுந்தார். மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தார். மாடிக்காரர் விலையில் இறங்கினார். உடனே மனைவி எழுந்தார். கணவர் உட்கார வைத்தார். மாடிக்காரர் மறுபடி இறங்கினார். ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் சேர்ந்து எழுந்து கதவு வரை போய்விட்டார்கள். மாடிக்காரரே ஓடிப்போய் குறுக்கே நின்றார். நின்றவர் வாயிலிருந்து ஒரு விலை வந்தது. போன வருஷம் அவர் கொடுத்த அதே விலை. கல் பதிக்கிற கூலியும் அதற்குள் அடக்கம்.

பக்கத்து அறையில் கல் பதிக்கிறவர் சாமணத்தால் நீலக்கல்லைத் தூக்கி, இருந்த இடத்திலேயே உட்கார வைத்து, கல்லைப் பிடிக்கிற நாலு பல்லையும் மடக்கினார். கையோடு கையாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குண்டூசியின் விரலையும் விடுவித்தார். நீலக்கல் மோதிரம் மேசைக்கு வந்தது. அந்தம்மா போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டினார். ஓரத்தில் அந்த வெள்ளை இழை.

"பஸ் வந்துடுமே" என்றார் குடைக்கடைக்காரர். இருவரும் படியில் தடதடவென்று இறங்கினார்கள்.

"மாட்டிக்குவாங்களா மேடம்?" என்றான் குண்டூசி, விரலை ஊதியபடி.

"எதை வெச்சு மாட்டறது? கல் அசல், சர்டிபிகேட் அசல். வேஷம் போட்டது கண்ணாடி ஒண்ணுதான். அதுவும் வெந்து போச்சு. முழிக்காம நின்னாங்கன்னா ஒரு 'ம்' நிச்சயம்."

கதவு மறுபடி திறந்தது. அந்தம்மாவின் தலை மட்டும் உள்ளே வந்தது.

"அண்ணே, மோதிரத்துக்கு ஒரு பெட்டி?"

மாடிக்காரர் இழுப்பறையிலிருந்து வெல்வெட் பெட்டியை எடுத்து நீட்டினார். தலை மறைந்தது.

அவர் மேசைமேல் இருந்த வெள்ளைத் துணியை மடித்து வைத்தார். பிறகு லென்ஸை எடுத்து மேடத்தின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"உங்க பீஸ் எவ்வளவு மேடம்? ஒரு கேஸ் இருக்கு. மூணரை மணிக்கு நாலு பார்ட்டியோட உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரத்துல அந்த விலைக்கு 'சரி'ன்னு எப்படிச் சொன்னேன்? அதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

மேடம் குண்டூசியைப் பார்த்தார். குண்டூசி மேடத்தைப் பார்த்தான்.

"மன்னிக்கணும் சார்" என்றான் குண்டூசி. "நாங்க இங்கயேதான் உக்காந்து கண்கொட்டாமப் பாத்துக்கிட்டிருந்தோம். எங்களுக்கும் ஒண்ணும் புரியல."